அலுமினியத் தோல், இரும்பு எலும்பு

இங்கிலாந்தில் சோலிஹல் நகரத்துக்குச் சில மைல் தள்ளி, ஒரு வீட்டுத் தோட்டத்தில் பழைய லேண்ட் ரோவர் ஒன்று வேலை முடியாமல் கிடந்தது. 1960களில் கடைசியாகச் சாலையில் ஓடியது. பிறகு வேல்ஸ் பகுதியில் ஒரு வயலில் இருபது ஆண்டுகள் மழையில் நனைந்தது. புதுப்பிக்கும் ஆசையில் வாங்கிவரப்பட்டு, அந்த வேலையும் பாதியில் நின்றுபோனது. 2018 ஜனவரியில் ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனம் அது எந்த வண்டி என்று அறிவித்தது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகத்துக்கு அறிமுகமானபோது, அங்கே காட்சிக்கு நின்ற வண்டிகளில் ஒன்று அது. அதை மறுபடி ஓடவைக்கப் போவதாகச் சொன்ன நிறுவனம், கூடவே இன்னொன்றையும் சொன்னது. 1948இல் அடித்த இளம்பச்சைப் பெயின்ட் உட்பட, பாகங்களின் மேல் காலம் ஏற்றிய தோற்றம் காப்பாற்றப்படும் என்பதே அது.

வண்டியைச் செய்த நிறுவனமே அதைப் புத்தம்புதிதாக்க நினைத்திருந்தால் தடுப்பார் யாருமில்லை. ஆவணக் கிடங்கு இருக்கிறது, கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், பணமும் இருக்கிறது. இருந்தும் நிறம் மங்கிய பழைய பெயின்டைக் கட்டிக் காக்க முடிவெடுத்தார்கள். பழைய வண்டிப் பிரியர்களிடையே இது தீராத வழக்கு. தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த அன்று எப்படி மின்னியதோ அப்படியே ஆக்கிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. ஒரு கீறலைக்கூடத் தொடக் கூடாது என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் வண்டி ஒற்றைப் பொருளாகத் தெரிகிறது; சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஒரு லேண்ட் ரோவருக்குள் அலுமினியம், இரும்பு, துத்தநாகம், ரப்பர், பெயின்ட் என்று பல பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வேதியியல்படி, தன் வேகத்தில் மூப்படைகிறது. எதைப் புதுப்பிப்பது, எதை விட்டுவைப்பது என்ற கேள்வியைப் பாகம் பாகமாகத்தான் கேட்க முடியும்.

இந்தக் கலவை தற்செயலாக அமைந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் இரும்புத் தகடு ரேஷன் பொருள். ஏற்றுமதிக்குச் சரக்கு செய்பவர்களுக்குத்தான் முன்னுரிமை. விமானத் தொழிற்சாலைகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டதால் அலுமினியம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. ரோவர் நிறுவனத்தின் பொறியியல் தலைவர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணையில், போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்து வேலை பார்த்துவந்தார். அதைப் பார்த்துத்தான் புதிய வண்டிக்கான யோசனை பிறந்தது. மேல்தகடுகள் பர்மாபிரைட் என்ற அலுமினிய–மெக்னீசியக் கலவையில் அமைந்தன. பாரம் தாங்கும் சேஸிஸ் இரும்பு. பெரிய அச்சுகளுக்குச் செலவிட வசதியில்லாததால், தட்டையான தகட்டுப் பட்டைகளை வெட்டி, நான்கு பக்கமும் வெல்டிங் செய்து, பெட்டி போன்ற சட்டமாக்கினார்கள். முதலில் செய்த 48 முன்னோட்ட வண்டிகளில் இந்தச் சட்டத்துக்குத் துத்தநாக முலாமும் பூசியிருந்தது. ஆக, தோல் அலுமினியம், எலும்பு இரும்பு. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இவை இரண்டும் இரண்டு வேறு வயதில் நிற்கின்றன.

அலுமினியம் இரும்பைவிட வேகமாக ஆக்சிஜனோடு சேரக்கூடியது. ஆனால் சேர்ந்த கணமே மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. அடர்த்தியான, ஒட்டிக்கொண்டிருக்கும், நீர் புகாத படலம். கீறினால் அந்த இடத்தில் மறுபடி உருவாகும். அதிகக் காரமோ அதிக அமிலமோ படாதவரை உள்ளிருக்கும் உலோகத்துக்கு அதுவே காவல். அதனால்தான் இருபது ஆண்டு வயலில் கிடந்த வண்டியிலும் மேல்தகடு முழுசாக இருக்கிறது. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரியும், தகடு கரைந்திருக்காது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காந்தத்தைக் கொண்டு பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். லேண்ட் ரோவரின் பக்கத் தகட்டில் அந்தக் காந்தம் எங்கும் ஒட்டாது. அதே காந்தத்தைக் கதவுச் சட்டத்திலோ, காலடிக்கு முன்னிருக்கும் பல்க்ஹெட்டிலோ வைத்தால் பட்டென்று பிடிக்கும். நோய் இருக்கும் இடங்களும் அவையே.

இரண்டு உலோகமும் சந்திக்கும் ஒரு மூட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள். முன் மட்கார்டின் அலுமினியத் தகடு, இரும்புத் தாங்கியோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் இடம். போல்ட் தலையைச் சுற்றி அரை அங்குலத்துக்குப் பெயின்ட் உப்பியிருக்கிறது. நகத்தால் தட்டினால் ஓடுபோலப் பெயர்ந்து வருகிறது. அடியில் செந்துரு இல்லை. சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. அது அலுமினிய ஹைட்ராக்சைடு. பனிக்காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் தூவும் உப்பு, மழைநீரில் கரைந்து அந்த இடுக்கில் தேங்குகிறது. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புநீர் என்றால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடும். எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் அலுமினியம் கரைகிறது. இரும்பு கொஞ்சம் பிழைக்கிறது. நீர்ப்படலம் அந்த இடுக்கில் மட்டும் நிற்பதால் அழிவும் அங்கேயே குவிகிறது, தகட்டின் மற்ற பரப்பு தப்பித்துவிடுகிறது. இதற்கு வைத்தியம் முழுத் தகட்டையும் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதில் இல்லை. போல்ட்டைக் கழற்றி, பொடியைத் துடைத்து, உப்பைக் காய்ச்சிவடித்த நீரால் கழுவி, இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஒரு நைலான் வாஷரையோ மின்சாரம் கடத்தாத பசையையோ வைத்து மறுபடி இறுக்கினால் மின்கலம் அறுந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

இரும்பின் கதை வேறு. அதன் துரு இரும்பைக் காப்பதில்லை. துரு நுண்துளைகள் நிறைந்தது, நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பது. அதனால் இரண்டு தகடுகள் ஒட்டிய இடுக்கில் துரு பிடித்தால், அதுவே ஆப்பு அடித்ததுபோல இரண்டையும் பிரித்துத் தள்ளுகிறது. லேண்ட் ரோவரின் பெட்டிச் சட்டம் உள்ளே குடைவானது. ஆற்றைக் கடந்தபோது புகுந்த சேறு, இரவுக் குளிரில் உட்சுவரில் படிந்த நீர்த்துளி, எல்லாம் உள்ளேயே தங்கும். வெளியே பெயின்ட் கெட்டியாக இருக்கும்போதே உள்ளிருந்து தகடு மெலியும். பின்பக்கக் குறுக்குச் சட்டமும், பக்கவாட்டில் நீளும் தாங்கிகளும் முதலில் போகும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் நல்லது. சொத்தையாக மந்த ஒலி வந்தால் உள்ளே ஒன்றுமில்லை. முன்னோட்ட வண்டிகளின் துத்தநாக முலாம் இங்கேதான் உதவியது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை விடுவது. அது இருக்கும்வரை அதுதான் கரையும், கீறல் விழுந்த இடத்திலும் பக்கத்து இரும்பு தப்பும். வழக்கமான உற்பத்தி வண்டிகளின் சேஸிஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, பெயின்ட் மட்டும்தான்.

ஆகவே "அப்படியே விட்டுவிடு" என்ற அறிவுரை அலுமினியத்துக்குப் பொருந்தும். இரும்பைப் பொறுத்தவரை அது மெதுவாகக் கொல்வதற்குச் சமம். பேணுவது என்றால் சும்மா இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பைப் பேணுவது ஓயாத வேலை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது சுத்தமான இரும்பே வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. குளோரைடு உப்பு ஏறிய இரும்போ அதைவிட வறண்ட காற்றிலும் விடாமல் அரிக்கும், ஏனென்றால் அந்த உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிரிஸ்டலில் நிற்கும் 'எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன்' என்ற 1843ஆம் ஆண்டுக் கப்பலின் இரும்பு உடலைச் சுற்றி ஈரப்பதத்தை 20 விழுக்காட்டுக்கு இறக்கி வைத்திருப்பது இதனால்தான். ஒரு வண்டிக்கு அவ்வளவு ஏற்பாடு யாரும் செய்யப் போவதில்லை. காற்றோட்டமுள்ள, காய்ந்த கொட்டகை போதும். உட்குடைவில் கம்பளி ஆட்டின் கொழுப்பிலிருந்து எடுக்கும் லானோலின் எண்ணெயையோ மெழுகையோ பீச்ச வேண்டும். மேலோட்டமான துருவுக்கு டானிக் அமிலம் பூசலாம். அது இரும்போடு சேர்ந்து கருநீல நிறமுள்ள நிலையான சேர்மமாக மாறித் தங்கிவிடும். பழைய எஞ்சினிலிருந்து கசிந்த ஆயில் படிந்த பகுதியில் சேஸிஸ் நன்றாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வைத்தியம் புரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் காலம் கடந்துபோன சேஸிஸ் உண்டு. தகடு ஓட்டையாகி, பாரம் தாங்க முடியாத நிலையில் அதை 'அசல்' என்று வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. கெட்ட இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போடுவதா, முழுச் சட்டத்தையே முலாம் பூசிய புதுச் சட்டமாக மாற்றுவதா? சந்தையில் புதுச் சட்டம் கிடைக்கிறது. செலவும் உழைப்பும் பல நேரம் அதில்தான் குறைவு. ஆனால் சேஸிஸ் என்பது வண்டியின் எண் பொறித்த பாகம். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நெடுங்காலம் கடைப்பிடித்த புள்ளிக் கணக்கில் எஞ்சினுக்கு 1 புள்ளி, சேஸிஸுக்கு 5. பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளி வேண்டியிருந்தது. அரசு விதிகூட வண்டியின் அடையாளத்தை எலும்பில்தான் தேடியிருக்கிறது. என்னைக் கேட்டால், ஒட்டுப் போடுவதுதான் முதல் வழி. சட்டத்தை மாற்றுவது கடைசி வழி.

பாகங்கள் மாறிய பிறகும் அது அதே வண்டிதானா என்ற கேள்வி ஒருமுறை லண்டன் நீதிமன்றம் வரை போனது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெ மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி காரை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், அதில் பந்தய நாளின் பாகங்கள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன என்று பின்வாங்கியது. 1990இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஓட்டன், பாகங்கள் படிப்படியாக மாறினாலும் வரலாறு அறுபடாமல் தொடர்ந்திருப்பதால் அது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்றார். அது மலையேறும் வண்டி இல்லை, ஆனால் தீர்ப்பின் தர்க்கம் எல்லாப் பழைய வண்டிக்கும் பொருந்தும். தொடர்ச்சி இருந்தால் மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தொடர்ச்சிக்குச் சான்று வேண்டும்.

அந்தச் சான்று பெரும்பாலும் பெயின்டில் இருக்கிறது. கதவின் விளிம்பிலோ, கீலுக்குப் பின்னாலோ, குண்டூசித் தலையைவிடச் சிறிய துணுக்கு ஒன்றைப் பெயர்த்து, பிசினில் பதித்து, குறுக்காகத் தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்குகள் தெரியும். உலோகத்தை ஒட்டி முதல் பிரைமர். அதன் மேல் தொழிற்சாலை அடித்த பச்சை. நடுவில் மெல்லிய கறுப்புக் கோடாக அழுக்கு, அதாவது அடுத்த பெயின்ட் வருவதற்குள் வண்டி பல காலம் ஓடியிருக்கிறது. அதற்கு மேல் யாரோ தூரிகையால் அடித்த தடித்த வேறொரு நிறம். புறஊதா ஒளியில் ஒவ்வொரு அடுக்கும் வேறு விதமாக ஒளிரும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைத் தகட்டின் மேல் வைத்தால், ஒன்றையும் பெயர்க்காமலே ஈயமா, குரோமியமா, துத்தநாகமா என்று சொல்லிவிடும். முதல் லேண்ட் ரோவர்களின் அந்த இளம்பச்சை, போர் விமானங்களின் உட்புறத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அப்படியொரு கதையைச் சோதிக்க ஒரே வழி, தொடப்படாத பெயின்ட் எங்காவது மிஞ்சியிருப்பதுதான். வெயிலில் பெயின்டின் பிசின் சிதைந்து, நிறத்தூள் மட்டும் மாவுபோல மேலே நிற்கும் நிலையிலும் இந்தத் தகவல் அழிவதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு மதியப் பொழுதில் போய்விடும்.

மணலைப் பீச்சியடிப்பது இன்னும் மோசம். மெல்லிய அலுமினியத் தகடு அந்த அடியில் வளைந்து நெளிந்துவிடும். முன்பு இரும்புக்குப் பயன்படுத்திய மணலாக இருந்தால், அதில் கலந்த இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய மின்கலங்களாகும். தமிழ்நாட்டில் கோயில் தூண்களை இதே முறையில் 'சுத்தம்' செய்து, கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் நுணுக்கமும் மழுங்கிப்போய், பிறகு அந்த முறைக்குத் தடை வந்தது. கல்லானாலும் தகடானாலும், தகவல் தங்கியிருப்பது மெல்லிய மேற்பரப்பில்தான். பெயின்டைக் கழுவ வேண்டுமென்றால் மிதமான சோப்புநீரும் மென்பஞ்சும் போதும். உதிரப் பார்க்கும் பெயின்டை ஒட்ட வைக்கவும், அதன் மேல் காப்பு பூசவும் அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துகிறார்கள். எத்தனை ஆண்டு கழித்தும் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் வந்துவிடும். பட்டறைகளில் அடிக்கும் இரு கலவை பாலியூரித்தேன் பெயின்டோ ஒருமுறை இறுகினால் குறுக்குப் பிணைப்புகளால் பூட்டிக்கொள்ளும், கரைப்பானுக்கு மசியாது. பளபளப்பில் அதற்கு இணை கிடையாது. ஆனால் அடுத்த தலைமுறைக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்பே விடாத பூச்சை எழுபது வயதுப் பெயின்டின் மேல் ஏற்ற எனக்கு மனம் வராது.

ஓட்டப்போகிற வண்டியில் அசலைப் பிடித்துத் தொங்கக்கூடாத பாகங்களும் உண்டு. பிரேக் ஹோஸ், பிரேக் சீல், டயர் எல்லாம் ரப்பர். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அறுத்து வெடிப்பு விடச் செய்யும். அவற்றைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். வண்டியில் புதியது இருக்கட்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றுக் குழாயால் ஊதவே கூடாது. பழைய பிரைமரில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் ஆபத்து. பெட்ரோல் இன்னொரு சிக்கல். 1948இன் 1,595 சி.சி. எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகப் பிறந்தது. எரிந்த ஈயத்தின் படிவு எக்ஸாஸ்ட் வால்வு அமரும் விளிம்பில் மெத்தைபோல நின்று தேய்மானத்தைத் தடுத்தது. ஈயமில்லாத பெட்ரோலில் சூடேறிய வால்வும் விளிம்பும் நுண்ணளவில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, வால்வு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கடினமான உலோக வளையத்தை அந்த இடத்தில் பதிப்பதுதான் தீர்வு. எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாயையும் கார்க் அடைப்பையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். இந்தியாவில் இப்போது விற்பதில் எத்தனால் 20 விழுக்காடு வரை இருக்கிறது. எஞ்சினுக்குள் ஒளிந்திருக்கும் இப்படிப்பட்ட மாற்றம் வண்டியின் வரலாற்றைக் கெடுக்காது, எஞ்சினைத்தான் காக்கும்.

ஓடுவதையே பேணுதலாகக் கொண்ட ஊரும் ஒன்று உண்டு. டார்ஜிலிங் மலையில், நேபாள எல்லையை ஒட்டிய மானேபஞ்சாங். தேயிலைத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்த 1950களின் லேண்ட் ரோவர்கள் அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபு வரை கரடுமுரடான மலைப்பாதையில் ஆட்களையும் அரிசியையும் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. பலவற்றில் அசல் எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. அருங்காட்சியகக் கண்ணுக்கு அது இழப்பு. ஆனால் அந்த மலையில் வண்டியை உயிரோடு வைத்திருந்ததே ஓட்டுநர்களின் கைவேலைதான். அந்த மாற்றங்களும் வரலாற்றுப் பதிவுகளே. 1955இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியே போன இரண்டு லேண்ட் ரோவர்களில் 'ஆக்ஸ்ஃபர்டு' என்ற வண்டி, பிற்காலத்தில் தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவில் கடற்காற்றில் கிடந்து, பிரிட்டனுக்குத் திரும்பி, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு எதிர்த்திசையில் ஓடியது. அப்படி ஓட இரும்பிலும் ரப்பரிலும் கைவைக்காமல் முடியாது. அதற்காக அதன் தகட்டில் உள்ள நெளிவுகளை நிமிர்த்தியாக வேண்டும் என்று எந்தப் பொறியியலும் கேட்கவில்லை.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில், 2012இல் டுரின் சாசனத்தை ஏற்றது. பேணுவதற்கு முதலிடம், மீட்டெடுப்பது அதற்குப் பிறகு என்பதே அதன் போக்கு. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மிக எளிமையானது: செய்த வேலையை எழுதி வை, மாற்றிய பாகத்தில் அடையாளம் இடு. பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுவே. முதல் போல்ட்டைக் கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிடுங்கள், ஒரு அளவுகோலையும் படத்தில் வைத்து. அகற்றிய தகட்டுத் துண்டு எவ்வளவு இற்றுப்போயிருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். சேஸிஸ் எண்ணை எழுதிய அட்டையோடு கட்டி வையுங்கள். புதிதாக வெல்டிங் செய்த தாங்கியின் உட்பக்கத்தில், பெயின்ட் அடிப்பதற்கு முன், எண் பஞ்ச் கொண்டு அந்த ஆண்டைக் குத்திவிடுங்கள்.